சன்னாசியை மூன்று தடவை கூப்பிட வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஐந்தே காலுக்கு, ஓர் ஓட்டப் போட்டிக்காகப் பெடாஸ் ஊரில் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் குளியலறையில் நின்று, சன்னாசி வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டார். ஊசி போட்ட அரை மணிக்குள் பசியாறிவிட வேண்டும். சிரம்பான் கிளினிக் டாக்டர் சொன்னது இது. சொன்னதோடு விடாமல் மருந்துப் புத்தகத்தில் சிவப்பு மையால் இரண்டு கோடு வேறு போட்டுக் கொடுத்திருந்தார். பசியாறாமல் போனால் இரத்தத்தில் இனிப்பு இறங்கும். கை நடுங்கும், வியர்க்கும், புத்தி தடம் மாறும், பிறகு மயக்கம். மயக்கத்துக்குப் பிறகு என்ன என்று டாக்டர் சொல்லவில்லை. வீட்டில் யாரும் கேட்கவுமில்லை.

அன்று காலை அவர் பசியாறவில்லை.

சார்டின் ரொட்டி நான்கு துண்டு, குளுக்கோஸ் மிட்டாய் ஒரு பொட்டலம், இனிப்பு பார்க்கும் கருவி, அவருடைய கைத்தொலைபேசி, எல்லாம் அவர் மனைவி கோமளாவின் இடுப்புப் பையில் இருந்தன. ஓட்டம் தொடங்கிய நேரத்தில் கோமளா பெண்கள் கழிப்பறை வரிசையில் பதினேழாவது ஆளாக நின்றுகொண்டிருந்தாள்.

கோமளா என் அக்காள் மகள். ஓட்டத்தின் முடிவுக்கோட்டருகே பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்கார வைத்து, மூன்று ஜோடிச் செருப்புகளுக்குக் காவல் போட்டிருந்தார்கள். ஆகவே காட்டுக்குள் நடந்ததை நான் பார்க்கவில்லை. கோமளா ஒரு விதமாகச் சொன்னாள், மகள் மோகனா ஒரு விதமாக, சன்னாசி இன்னொரு விதமாக. சுகுமாறன் என்று ஒரு தம்பியும் சொன்னார். நால்வரில் அவர்தான் குறைவாகப் பொய் சொன்னவர்.

சன்னாசிக்கு ஐம்பத்து நான்கு வயது. குடியிருப்பது பாரோய். லாபுவிலிருந்து நீலாய் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ் ஓட்டுகிறார். அவருடைய பஸ் ஹாரனுக்கு லாபுக் கோழிகள் விழித்து, கோழி கூவிய பிறகே சூரியன் எழும் என்று நான் பல வீடுகளில் சொல்லியிருக்கிறேன். அதில் கோழி வரைக்கும் உண்மை.

பிறந்தது லாபுப் பக்கம் ஒரு தோட்டத் தொழிலாளர் லயத்தில். அம்மா செல்லம்மா பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர். எட்டு வயதிலிருந்தே பள்ளிக்கூடம் போகுமுன் அம்மாவோடு கித்தா காட்டுக்குள், அந்த ரப்பர் மரங்களுக்குள், போய்வந்தவர் சன்னாசி. இருபத்து மூன்றில் பஸ் லைசென்ஸ் எடுத்து, முதலில் சிரம்பான் பஸ் ஓட்டினார். சிரம்பானில் வங்கி வேலைக்குப் போய்வந்த கோமளா அந்த பஸ்ஸில்தான் ஏறினாள். பஸ்ஸின் கதவு தினமும் அவள் செருப்புக்கு நேராக, ஒரு சாண் தப்பாமல் வந்து நின்றதாம். மூன்று வருடம் அப்படி நின்ற பிறகு விஷயம் வீட்டுக்கு வந்தது. கோமளாவின் அப்பா, என் அத்தான் கனகசுந்தரம், ரயில்வேயில் தலைமைக் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், "சன்னாசிக்கு எதுக்குக் கலியாணம்?" என்று கேட்டார். கேள்வி அவருக்கே பிடித்துப்போய் ஒரு வாரம் எல்லோரிடமும் அதைச் சொல்லித் திரிந்தார். பிறகு கல்யாணம் நடந்தது. ஆனாலும் சாகும் வரை மருமகன் பெயரை அத்தான் வாயால் சொல்லவில்லை. "பஸ்காரர் வந்திட்டாரோ?" என்றுதான் கேட்பார். கோமளாவுக்கு அவர் "இஞ்சருங்கோ." மோகனாவுக்கு "அப்பா." ஒன்பது வருடத்துக்கு முன் செல்லம்மாவும் போய்ச் சேர்ந்த பின், வீட்டில் சன்னாசி என்று கூப்பிட ஓர் ஆள் இல்லை. பெயர் அடையாள அட்டைக்குள் பத்திரமாக இருந்தது.

தோட்டத்துப் பழக்கம் இரண்டு அவரிடம் உண்டு. ஒன்று, எதைக் குடித்தாலும் பாத்திரத்தைக் கவிழ்த்து வைப்பார். பால் எடுத்தபின், அது வடியும் மங்குக் கிண்ணத்தைத் துடைத்து மரத்துக் கம்பியில் கவிழ்த்து வைக்காவிட்டால் மழைத்தண்ணீர் நிறையும் என்று அம்மா பழக்கியது. கோமளாவின் மேசைவிரிப்பு முழுக்கத் தேநீர் வட்டங்கள். இன்னொன்றை ஓட்டத்துக்கு முந்திய சனிக்கிழமைதான் நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

இனிப்பு நோய் என்று தெரிந்ததும் மோகனா அப்பாவைப் பாரோய் விளையாட்டரங்கைச் சுற்றி ஓட வைக்கத் தொடங்கினாள். இரண்டு வருடத்தில் ஒன்பது கிலோ இறங்கியது. அந்தத் தெம்பில் பெடாஸ் பக்கம் புதிதாகத் திறந்திருந்த ஒரு கேளிக்கைப் பூங்காவின் வார இறுதி ஓட்டத்துக்கு மூன்று பேரையும் பதிந்துவிட்டாள். சனிக்கிழமை பூங்காவில் விளையாட்டு. ஞாயிறு காலை எட்டுக் கிலோமீட்டர் குடும்ப ஓட்டம். பாதி ஓட்டம் பூங்காவுக்குள், மீதி பின்வாசல் வழியாகத் தோட்டத்துச் செம்மண் சாலையில். குடும்பத்தில் மூன்று பேர் கைகோத்து முடிவுக்கோட்டைத் தாண்டினால் ஆளுக்கொரு பதக்கம்.

சனிக்கிழமை எல்லா விளையாட்டுக்கும் போய்விட்டுக் கடைசியில் பேய்க் குகைக்குள் நுழைந்தார்கள். உள்ளே கும்மிருட்டு. கோமளா பின்னாலிருந்து "இஞ்சருங்கோ... இஞ்சருங்கோ" என்று கூப்பிட்டிருக்கிறாள். சன்னாசி திரும்பவே இல்லை. வெளியே வந்ததும் சண்டை.

"கூப்பிடக் கூப்பிடச் சீமெந்துச் சிலை மாதிரி நிண்டியள். காது கேக்கேல்லையோ?"

"கேட்டுச்சு."

"பிறகென்ன?"

"இருட்டுல யாரு கூப்புடறதுன்னு எனக்கு எப்புடித் தெரியும்? எங்கம்மா சொல்லும், அது தெரிஞ்ச கொரல்லதான் கூப்புடுமாம். ஆனா ரெண்டே தடவதான். மூணாவதுக்கு அதுக்கு நாக்கு எழும்பாது. காட்டுல பேர சொல்லி மூணு தடவ கூப்புட்டாதான் 'என்னா'ன்னு கேக்கணும்."

"ஐயோ அப்பா, உள்ள இருக்கிறதெல்லாம் பார்ட் டைம் பசங்க லா. மாஸ்க் போட்டு ஓ.டி. பாக்குறாங்க," என்றாள் மோகனா.

"பார்ட் டைம் பேயா இருந்தா மட்டும் என்னா? பேய்தானே."

கோமளா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இருபத்தாறு வருசமா உங்கட பேரை நான் சொன்னதில்லை. இனிச் சொல்லுறதெண்டா அந்தப் பேய்தான் வந்து சொல்ல வேணும்."

நாங்கள் சிரித்தோம்.

ஞாயிறு காலை பூங்கா வாசலில் கார்கள் அடைத்துக்கொண்டு நின்றன. ஓட்டத்துக்குக் கால் மணி நேரம் முன்னால் சாப்பிடுவது நல்லது என்று மோகனா எங்கேயோ படித்திருந்ததால் வீட்டில் ரொட்டியைத் தொடவில்லை. உள்ளே நுழையும்போது ஐந்து ஐம்பது. "இந்தத் தூணை விட்டு அசையாதேங்கோ, ரெண்டு நிமிசத்தில வந்திடுறம்" என்று சொல்லிவிட்டு அம்மாவும் மகளும் கழிப்பறைக்குப் போனார்கள். பை கோமளாவின் இடுப்போடு போயிற்று.

ஆறு மணிக்குச் சங்கு ஊதியது. இரண்டாயிரம் பேர், எல்லோருக்கும் ஒரே மஞ்சள் பனியன். தைப்பூசக் கூட்டம் நகர்வதுபோல மொத்தமும் நகர, சன்னாசி தூணை இரண்டு கையாலும் பிடித்துத்தான் பார்த்தார். தூண் நின்றது, அவர் நிற்கவில்லை. இருபதடி முன்னால் மஞ்சள் பனியனும் கொண்டையுமாக ஒருத்தி போவது விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. வங்கி வேலைக்கு ஒரு நாளும் தாமதமாகப் போகாத கோமளா ஓட்டத்துக்கு மட்டும் தாமதமாக வருவாளா? முன்னே போய்விட்டாள் என்றே முடிவு கட்டினார். பின்னால் நின்ற மனைவியைப் பிடிக்க முன்னால் ஓடினார்.

சங்குச் சத்தம் கேட்டு, வரிசையை விட்டுக் கோமளாவும் மோகனாவும் தூணுக்கு வந்தபோது ஆறு ஐந்து. பத்து நிமிடம் காத்து நின்றார்கள். ஆண்கள் கழிப்பறை வாசலில் போய் மோகனா கத்திப் பார்த்தாள். ஆறேகாலுக்குக் கோமளாவின் கை தானாக இடுப்புப் பைக்குப் போனது. ரொட்டி நான்கும் அப்படியே இருந்தன.

"மோகனா, ஊசி போட்டு ஒரு மணித்தியாலம் ஆச்சு."

"நான் ஓடிப் புடிக்கிறேன்மா. நீங்க ஆர்கனைசர்கிட்ட சொல்லுங்க." மிட்டாயில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு மோகனா பாய்ந்தாள்.

ஐந்தாவது கிலோமீட்டர் தண்ணீர் மேசையில் நின்ற பெண்ணுக்கு அவரை ஞாபகம் இருந்தது. வெறும் தண்ணீர் இரண்டு கப் குடித்துவிட்டு, மூன்றாவதைக் கையோடு கொண்டுபோனாராம். "அங்கிள் ரொம்ப வேர்த்திருந்தாரு," என்றாள். ஆறாவது கிலோமீட்டரில் எண் குறிப்பவரிடம் அவர் எண் இல்லை. மோகனா நம்பாமல் முடிவுக்கோடு வரை ஓடி வந்தாள். மணி ஏழு. நான் கையை ஆட்டினேன். அவள் ஆட்டவில்லை.

"பாட்டி, அப்பா வந்தாரா?"

"இல்லையே பிள்ளை."

அவள் உட்காரக்கூட இல்லை. வந்த வழியே திரும்பி ஓடினாள். செருப்புகளை விட்டுவிட்டு நானும் எழுந்து நின்றேன். நிற்பதைத் தவிர என்னால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை.

ஐந்தாவது கிலோமீட்டருக்கும் ஆறாவதுக்கும் இடையில் நடந்தது இதுதான். கொண்டை போட்ட மஞ்சள் பனியன் திடீரென்று சாலையை விட்டு இடப்பக்கக் கித்தா காட்டுக்குள் இறங்கியது. சன்னாசியும் இறங்கினார். "கோமளா!" என்று அவர் கூப்பிட, மரத்தின் பின்னால் ஒதுங்கப்போன ஒரு சீன அம்மா திரும்பி வீலென்று அலறினாள். பஸ் ஓட்டிய முப்பது வருடத்தில் எந்தப் பெண்ணிடமும் ஒரு சொல் வாங்காத மனிதர். முகத்தைத் திருப்பிக்கொண்டு, எந்தத் திசை என்று பார்க்காமல், அவளிருந்த பக்கத்துக்கு நேர் எதிராகக் காட்டுக்குள் விழுந்தடித்துப் போனார். நின்று பார்த்தபோது சாலை தெரியவில்லை. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மரங்கள். வெளிச்சமும் இன்னும் சரியாக வரவில்லை. பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கை நடுங்கியது.

அதற்குப் பிறகு அவருக்கு நினைவிருப்பதெல்லாம் துண்டு துண்டுதான். வரிசை வரிசையாக மரம்; சாலையோரம் வரை வந்து மறுபடி உள்ளே போனது அவருக்கே தெரியாது. கையில் ஒரு கப். அம்மா பக்கத்து வரிசையில் இருப்பதாக நினைத்தாராம். ஒரு மரத்தடியில் சறுக்கி உட்கார்ந்தார்.

சுகுமாறன் தம்பி வழிகாவலர்களில் ஒருவர். தொழிற்சாலையில் வேலை, சனி ஞாயிறு இந்த மாதிரி ஓட்டங்களுக்கு உதவி. அவருடைய மோட்டார் சைக்கிள் பின்னால் கோமளா ஏறிக்கொண்டாள். அவள் மோட்டாரில் ஏறியதே வாழ்நாளில் அன்றுதான். மடியில் ஒலிபெருக்கி. ஐந்தாவது கிலோமீட்டரிலிருந்து ஐம்பதடிக்கு ஒரு தரம் நிறுத்தி, சுகுமாறன் காட்டைப் பார்த்து, "சன்னாசி! சன்னாசி!" என்பார். காது கொடுப்பார். மோட்டாரை நகர்த்துவார். மறுபடி, "சன்னாசி! சன்னாசி!"

கோமளாவும் கூப்பிட்டாள். "இஞ்சருங்கோ! இஞ்சருங்கோ!"

"அக்கா, பேர சொல்லிக் கூப்புடுங்க லா. இஞ்சருங்கோன்னா யாருக்குத் தெரியும்?"

"அவருக்குத் தெரியும்."

"அவருக்குத் தெரிஞ்சா இந்நேரம் வந்திருப்பாரே அக்கா!"

கோமளா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஏழு இருபது. ஊசி போட்டு இரண்டு மணி நேரம், அதில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். கணக்குப் போட்டே பழகிய மூளை, வேண்டாம் என்றாலும் போட்டுக்கொண்டே இருந்தது.

உள்ளே, முப்பது மரத்துக்கு அப்பால், சன்னாசி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தகரத்தில் அடித்ததுபோல ஒரு குரல் அவர் பேரைச் சொன்னது. இரண்டு தடவை. நின்றது. கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி இரண்டு தடவை. நின்றது. அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதைத்தானே அம்மா சொல்லும்! பிறகு கோமளாவின் குரலில் வந்தது. அதுவும் இரண்டு தடவை. தெரிந்த குரலில்தான் கூப்பிடும். தூரத்தில் "அப்பா!" என்று ஒரு பெண்பிள்ளைக் குரல் அழுதது. யாருடைய அப்பாவோ. சன்னாசி கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மரத்தோடு மரமாக இன்னும் ஒடுங்கினார். தேடி வந்தவர்கள் எவ்வளவு கூப்பிட்டார்களோ அவ்வளவுக்கு அவர் ஒளிந்தார்.

மோட்டார் நகர்ந்தது. ஐம்பதடி. இன்னும் ஐம்பதடி. குரல் தூரமாகிக்கொண்டே போனது.

"இந்தப் பக்கம் இல்லக்கா. செம்பனைத் தோட்டத்துப் பக்கம் போயிருக்கணும். ஆம்புலன்சுக்கும் சொல்லியாச்சு, அவுங்க முன்வாசல்ல இருந்து வராங்க. திரும்பிடலாமா?"

"கொஞ்சம் பொறுங்கோ." கோமளா இறங்கினாள். அவள் கண் சாலையோர மரம் ஒன்றில் நின்றுவிட்டது.

பழைய கித்தா மரம். வெட்டுத் தழும்புக்குக் கீழே துருப்பிடித்த கம்பி வளையம். பக்கத்து மரங்களின் வளையங்களெல்லாம் காலி. இதில் மட்டும் ஒரு காகிதக் கப், பூங்காவின் முத்திரை போட்டது, ஒழுங்காகத் துடைத்து, கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

சாலையெங்கும் ஆயிரம் கப் நசுங்கிக் கிடந்தன. ஒன்றே ஒன்றுதான் மரத்தில் இருந்தது.

கோமளா அந்தக் கப்பைத் தொட்டாள். தன் மேசைவிரிப்பின் தேநீர் வட்டங்கள் நினைவுக்கு வந்தனவாம். அவர் இங்கேதான். ஓட்டக்காரராக இல்லை, செல்லம்மாவின் மகனாக உள்ளே போயிருக்கிறார். செல்லம்மாவின் மகன் காட்டுக்குள் எத்தனை தடவை கூப்பிட்டால் பதில் சொல்வார்?

"தம்பி, நீங்கள் ஒவ்வொரு இடத்திலயும் எத்தனை தரம் கூப்பிட்டீங்கள்?"

"ரெண்டு தடவக்கா. ஏன்?"

"ஐயோ! ரெண்டோ!" அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "பேய் எண்டு நினைச்சு ஒளிச்சிருக்கிறார்! அந்த மைக்கை நிப்பாட்டும்!"

சுகுமாறனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் நிறுத்தினார்.

கோமளா வடிகாலைத் தாண்டிக் காட்டுக்குள் பத்தடி நடந்தாள். வாயைத் திறந்தாள். பேர் வரவில்லை. இருபத்தாறு வருடம் பூட்டி வைத்த வாய். காசோலையில் எழுதியிருக்கிறாள், ஆஸ்பத்திரிப் பாரத்தில் எழுதியிருக்கிறாள், சொன்னதில்லை. செத்துப்போன கனகசுந்தரம் மரத்துக்குப் பின்னால் நின்று பார்ப்பது மாதிரி இருந்ததாம்.

"சன்..."

தொண்டையைச் செருமினாள்.

"சன்னாசி!"

காடு அப்படியே இருந்தது. எங்கேயோ ஒரு காகம்.

"சன்னாசி!"

ஒன்றுமில்லை. உள்ளே, மரத்தடியில், சன்னாசி வாயைப் பொத்தியபடி எண்ணிக்கொண்டிருந்தார். இரண்டு. இதோ நிற்கும். இப்போது தள்ளிப் போகும்.

கோமளா கண்ணை மூடிக்கொண்டாள். அடிவயிற்றிலிருந்து, வங்கியில் முப்பது வருடம் மெதுவாகப் பேசிச் சேர்த்து வைத்த குரல் முழுவதையும் எடுத்து, "சன்னாசீ!" என்று கத்தினாள். அந்தச் சத்தத்துக்குப் பூங்காவின் ராட்டினம் அரைச் சுற்று சுற்றியது என்று நான் சொல்வேன், நீங்கள் நம்பவேண்டியதில்லை.

நிசப்தம். பிறகு இடப்பக்கம், வேருக்கு நடுவிலிருந்து, குழறலாக, கொஞ்சம் எரிச்சலாகக்கூட ஒரு குரல்:

"என்...னா?"

சுகுமாறன் பாய்ந்தார். கோமளா அவருக்கு முன்னால் போய்விட்டாள். இலைச்சருகில் சாய்ந்து கிடந்தார் சன்னாசி. முகம் வெளுத்து, உதடு நடுங்க, கண் அவளைப் பார்த்தாலும் அவளென்று தெரியாமல். மிட்டாய் உறையைப் பல்லால் கிழித்துக் கன்னத்துக்குள் திணித்தாள். "சப்புங்கோ. விழுங்காதேங்கோ, சப்புங்கோ." விரலில் குத்திக் கருவியில் பார்த்தாள்: இரண்டு புள்ளி ஆறு; நான்குக்குக் கீழே போகவே கூடாது. இன்னொரு மிட்டாய். இன்னும் ஒன்று. சுகுமாறன் தன் பையில் இருந்த இனிப்புப் பானத்தைத் திறந்து நீட்டினார். மோகனா மூச்சிரைக்க வந்து சேர்ந்து, அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு சருகிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கால் மணி நேரம் கழித்து நான்கு புள்ளி எட்டு. அப்போதுதான் அவர் கண் தெளிந்து ஒவ்வொருவராகப் பார்த்தது. முதலில் கேட்டது, "ரொட்டி எங்க?"

"நான் எவ்ளோ நேரமா அப்பா அப்பான்னு கத்துனேன் தெரியுமா?" மோகனாவுக்கு அழுகையும் கோபமும்.

"காட்டுல அப்பான்னு கூப்புட்டா, யாரோட அப்பான்னு எப்புடிமா தெரியும்?" என்றார் அவர், வாய் நிறைய சார்டினோடு.

ஆம்புலன்ஸ் செம்மண் சாலையில் வந்து நின்றது. படுக்க மாட்டேன் என்று அடம்பிடித்து உட்கார்ந்தே வந்தார். எட்டே காலுக்கு முடிவுக்கோட்டைத் தாண்டியது அந்த வண்டிதான். அதற்குள் நேரம் முடிந்து, முடிவுக்கோட்டில் நிறுத்தியிருந்த காற்றடைத்த வளைவைக் காற்று இறக்கி மடித்துக்கொண்டிருந்தார்கள். பதக்கம் இல்லை. நான் செருப்புகளை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்து பார்த்தேன். கோமளா எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, வண்டிக்குள் அவர் குடித்து முடித்த கப்பைக் கையில் வைத்திருந்தாள். அதைக் கவிழ்த்துத்தான் பிடித்திருந்தாள்.

சன்னாசி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ எம்பேர சொன்ன."

"நான் சொல்லேல்லை."

"கேட்டுச்சு."

"அது பேய்." அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நேற்றே சொன்னனான்தானே, பேய்தான் வந்து சொல்லுமெண்டு."

சன்னாசி கையை நீட்டினார். நர்ஸ் அவர் விரலை மறுபடி குத்தினார். சன்னாசி முகம் சுளிக்கவில்லை.

"பேயா இருந்தா ரெண்டோட நின்னுருக்கும்," என்றார்.